காட்டுப் பாதைக்கு வண்டி வாங்கும்போது



மாடு வாங்கப் போகிறவர் கொம்பின் அழகை மட்டும் பார்ப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். ஆனால், பல ஆயிரம் வெள்ளி கொடுத்துப் பழைய ஜீப் வண்டி வாங்கப் போகும் நம் இளைஞர்கள் சிலர், பளபளக்கும் சாயத்தையும் பெரிய டயரையும் கண்டு மயங்கிவிடுகிறார்கள். செம்மண் பாதையிலும் மலைச்சரிவிலும் ஓட்டுவதற்காக ஒரு வண்டியை வாங்கிச் சீரமைக்க நினைப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று இன்று பார்ப்போம்.

முதலாவது, வண்டியின் அடிச்சட்டம். இதைத்தான் சேசிஸ் என்கிறோம். கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் ஓடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1948ஆம் ஆண்டு பிரிட்டனில் அந்த வண்டி பிறந்தபோது அங்கே எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆகவே மேல்தகடுகளை அலுமினியத்தால் செய்தார்கள். அலுமினியம் எஃகைப் போலத் துருப்பிடிக்காது. ஆனால் அடிச்சட்டம் எஃகுதான், அது துருப்பிடிக்கும். மேலே புதுமெருகு, கீழே அரிப்பு என்ற நிலை அதனால் ஏற்படும். எந்த வண்டியானாலும் கீழே குனிந்து பாருங்கள். சேறு அப்பியிருந்தால் கழுவச் சொல்லுங்கள். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலித்து உதிரும். சட்டம் வளைந்தோ, பல இடங்களில் ஒட்டுப் போடப்பட்டோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது, மெதுகியர். நான்கு சக்கரமும் சுழன்றால் மட்டும் போதாது. செங்குத்தான மேட்டில் ஏறவும், இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் எஞ்சினின் பிடியில் மெல்ல இறங்கவும், வேகத்தைக் குறைத்து இழுவையை இரண்டு மடங்கோ அதற்கு மேலோ கூட்டும் மெதுகியர் வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸ், சுசுகி ஜிம்னி போன்றவற்றின் நான்கு சக்கர வகைகளில் இது உண்டு. 1998ஆம் ஆண்டு வெளிவந்த பெரோடுவா கெம்பாராவில் நான்கு சக்கரமும் சுழலும், மெதுகியர் கிடையாது. ஈரப் பாதைக்கு அது போதும். கடுமையான மேட்டுக்குப் போதாது. ஹைலக்ஸிலும் இரண்டு சக்கர வகை உண்டு; தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓட்டிப் பார்க்கும்போது, மண்தரையில் நான்கு சக்கர கியரையும் மெதுகியரையும் போட்டுப் பாருங்கள். தார்ச்சாலையில் அப்படிச் செய்யக்கூடாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருளும். வழுக்கிச் சரிசெய்துகொள்ள மண் இல்லாததால் பல்சக்கரங்கள் முறுக்கேறி உடைய நேரிடும்.

மூன்றாவது, எண்ணெய். சூடான அச்சுப்பெட்டி ஆற்று நீரில் இறங்கினால் உள்ளேயுள்ள காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பட்டறைக்காரரைக் கொண்டு அச்சுப்பெட்டியின் திருகைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் போலிருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள்.

சரி, வண்டி வாங்கியாயிற்று. முதலில் எதற்குச் செலவழிப்பது? பிரேக், ஸ்டியரிங், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைச் சரிசெய்வதற்கே முதல் பணம். அடுத்தது, தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே சேற்றுக்கேற்ற நல்ல டயர். பிறகு, அடிச்சட்டத்தோடு உறுதியாகப் பொருத்திய இழுவைக் கொக்கியும் பலமான கயிறும். வண்டியை உயர்த்துவது கடைசி வேலை. பலருக்கு அது தேவையே இல்லை. உயர்த்திய வண்டி சரிவில் எளிதாகக் கவிழும். குறுக்களவு பத்து விழுக்காடு கூடிய டயரைப் போட்டால், வேகமானி 80 கிலோமீட்டர் காட்டும்போது உண்மையில் 88இல் போய்க்கொண்டிருப்பீர்கள்; பிரேக்குக்கும் பளு கூடும். இத்தகைய மாற்றங்களைச் செய்யுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்து, வேண்டிய அனுமதியைப் பெறுங்கள். அனுமதியில்லாத மாற்றத்தால் விபத்துக் காலத்தில் காப்புறுதிப் பணத்துக்கும் சிக்கல் வரலாம்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "வண்டி எவ்வளவு உயரம்?" என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். "அடிச்சட்டத்தைப் பார்த்தாயா? பிரேக்கைப் பார்த்தாயா?" என்று கேளுங்கள். வண்டியின் பின்தட்டில் ஆட்களை ஏற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மேட்டில் ஒரு குலுக்கல் போதும், உயிர் போக. காட்டுப் பாதையில் போகிற வண்டிக்கு அழகு, போனவர்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான்.