பழைய பெரிய கார்: வாங்கும் முன்னும் பின்னும்

அமெரிக்க மசில் காரின் நீண்ட முகப்பையும் அகலமான உடம்பையும் விரும்புவோருக்கு இந்தியச் சாலையில் மிக நெருங்கி வருவது கான்டெஸா. பிரிட்டனின் வாக்ஸால் காரை அடியொற்றி 1984 முதல் 2002 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. தேடுவோர் பெருகியதால் அதன் விலை ஏறிவிட்டது. அதே நிறுவனம் 2014 வரை தயாரித்த அம்பாசடரைப் பலர் பழைய டாக்ஸி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் 1990களில் வந்த சில அம்பாசடர்களில் இருப்பது கான்டெஸாவின் 1.8 லிட்டர் இசூசு இன்ஜின்தான். குறைந்த செலவில் பெரிய கார் வேண்டுவோர் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

இத்தகைய வண்டியில் இன்ஜினைவிட ஆர்.சி. புத்தகமே பெரிய சிக்கலைத் தரும். பெட்ரோல் செலவுக்கு அஞ்சி டீசல் இன்ஜின் மாற்றிய வண்டிகள் ஏராளம். சேசிஸ் எண், இன்ஜின் எண், எரிபொருள் வகை மூன்றும் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விதியை மீறும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். டாக்ஸியாக ஓடிய வண்டியென்றால் அதைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றிய பதிவும் கேட்டு வாங்க வேண்டும்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடிகிறது. ஆய்வில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டலாம். டெல்லியைப் போல் வயதைக் காட்டி ஓட்டத் தடை விதிக்கும் நிலை தமிழ்நாட்டில் இல்லை. 50 ஆண்டு கடந்து, அசல் அமைப்பு மாறாத கார்களுக்கு 2021 விதிகளில் 'விண்டேஜ்' பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்தாண்டு. ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது என்பதால் வீட்டுக்கு ஒரே கார் வைத்திருப்போருக்கு அது பொருந்தாது.

கையெழுத்துப் போட்ட படிவங்களை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடும் வழக்கம் மிக ஆபத்தானது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவங்கள் 29, 30. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வாசிகளுக்கு டி.என். 84 எண் தரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. அலுவலகமே இடம். பெயர் மாறாத நிலையில் விபத்து நடந்தால், ஆர்.சி.யில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பெயர் மாற்றம் விற்பவருக்கும் பாதுகாப்பு. செங்கோட்டை தாண்டி கேரளத்திலிருந்து வரும் வண்டிக்குத் தடையின்மைச் சான்றும் தமிழ்நாட்டு வரியும் வேண்டும்; விலை மலிவு என்று தோன்றுவது அங்கேயே கரைந்துவிடும். வண்டி கடனில் வாங்கப்பட்டதென்றால், கடன் தீர்ந்ததைக் காட்டும் 35ஆம் படிவம் இல்லாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

பழைய வண்டி வியாபாரி குறையை மறைத்து விற்றால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம்; ராஜபாளையம் வட்டாரத்தினருக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும். தனிநபர் தன் சொந்தக் காரை விற்றிருந்தால் இந்த வழி கிடையாது. உரிமையியல் நீதிமன்றமோ, மோசடி தெளிவாக இருந்தால் காவல் நிலையமோதான் வழி. இரண்டிலும் கைகொடுப்பது வங்கி வழியாகக் கொடுத்த பணமும், வண்டியின் நிலை எழுதப்பட்ட விற்பனை ஒப்பந்தமும்.