ஏரியே அவர்களுக்குச் சாலை

பயணம் மனிதனைப் பண்படுத்தும் என்பார்கள். ஆனால் நாம் உல்லாசமாகக் கடந்து செல்லும் வழி, அங்கு வாழ்பவர்களுக்கு அன்றாடப் பாதை என்பதை உணரும்போதுதான் அந்தப் பண்பாடு நம்முள் தொடங்குகிறது. இதை அறிய வெகுதூரம் போகவேண்டியதில்லை. சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் பழவேற்காடு இருக்கிறது.

பொன்னேரி வழியாகப் பேருந்தில் சென்று இறங்கினால் உங்கள் முன் விரிவது கடலன்று. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே நீண்ட மணல்திட்டு அணைகட்டி வைத்திருக்கும் உவர்நீர் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. தெற்கே உள்ள சிறுபகுதிதான் தமிழகத்துக்குரியது. எஞ்சிய பெரும்பகுதி ஆந்திராவைச் சேர்ந்தது.

இவ்வூரின் பெயர் உங்கள் இல்லத்துக்கும் அந்நியமன்று. மலாய் முஸ்லிம்கள் தொழுகைக்கும் வீட்டு உடைக்கும் உடுத்தும் கட்டம்போட்ட கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். அந்தப் 'பெலிக்காட்' நம் பழவேற்காடுதான். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பியதும் இத்துணி வாணிபத்தின் பொருட்டே. கோட்டை சிதைந்துவிட்டது, அவர்களுடைய கல்லறைகள் எஞ்சியுள்ளன. இவ்வூர் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளும் பெயர் பெற்றவை.

ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு நீங்கள் தனியே இவ்வேரியைக் காணச் செல்வதாக வைத்துக்கொள்வோம். பழவேற்காட்டிலிருந்து கலங்கரை விளக்கம் நிற்கும் மணல்திட்டுக்குப் பாலம் உண்டு. நடந்தே சென்று கடலைப் பார்த்துத் திரும்பலாம். பிறகு ஏரியின் மேற்குக் கரையோரமாக வடக்கே போனால், பெயரிலேயே சுண்ணாம்பை வைத்திருக்கும் சுண்ணாம்புக்குளம் வரும். குளிர்காலமாயின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்று இரை தேடும் காட்சி கண்ணுக்கு விருந்து.

அதற்கப்பால் ஏரிக்குள்ளேயே தீவுகள் உள்ளன. தர்காவால் அறியப்படும் வேநாடு ஒன்று, இருக்கம் மற்றொன்று. இருக்கம் ஆந்திர எல்லைக்குள் இருப்பினும் அங்கே வாழ்வோரில் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். காலங்காலமாகப் படகுதான் அவர்களைக் கரையோடு இணைத்து வந்திருக்கிறது. நீர் பல இடங்களில் ஓராள் உயரங்கூட இல்லை; அத்தகைய இடங்களில் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளியே தோணியை நகர்த்துவார்கள்.

அப்படகில் ஏறியவுடன் நீங்கள் தனிப்பயணி அல்லர். அரிசி மூட்டை, இறால் கூடை, பள்ளிப் பிள்ளையின் புத்தகப் பை, வைத்தியரைக் காணச் செல்லும் முதியவர் என ஓர் ஊரே உங்கள் அருகில் அமர்ந்திருக்கும். இரவில் தனித்துப் பயணம் செல்வது குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் அறிவோம். துணையின் அருமை நீரின் நடுவே இன்னும் நன்றாகப் புலப்படும்.

இம்மக்கள் கூடி வாழும் நெறி மீன்பிடிப்பிலும் உண்டு. ஏரியின் மீன்வளமுள்ள இடங்களை வலுத்தவர் அபகரிக்காதபடி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் வழக்கம் இங்கே தொன்றுதொட்டு இருந்து வருகிறது. இப்பொழுதோ கவலைகள் பல. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் மணல்மூடித் தூர்ந்தால் மீன்வரத்து குறையும். படகும் கடலுக்குப் போக இயலாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவப்படும் நாள்களில் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்படும்.

இவ்வேரிக்கு இன்னொரு துயர நினைவும் உண்டு. 2011 டிசம்பர் 25ஆம் நாள் உல்லாசமாகச் சுற்றிப்பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதையடுத்து உல்லாசப் படகுச் சவாரி தடைசெய்யப்பட்டது. தடை சரியே. ஆனால் சிந்தித்துப் பாருங்கள்: சுற்றிப்பார்க்க வருபவரைத் தடையால் நிறுத்தலாம், அரிசி வாங்கவும் மருத்துவம் பார்க்கவும் கரைக்கு வந்தாக வேண்டியவரை எதைக் கொண்டு நிறுத்துவது? அவருக்குத் தேவை தடையன்று. உறுதியான படகுத்துறை, குறித்த நேரத்தில் புறப்படும் நல்ல படகு, ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்பு அங்கி.

இது ஆகாத காரியமா? அண்டை மாநிலமான கேரளம் 1968லேயே நீர்ப் போக்குவரத்துக்கெனத் தனித் துறையை ஏற்படுத்திவிட்டது. கொச்சியில் 2023 ஏப்ரலில், தீவுகளை நகரத்தோடு இணைக்க மின்கலத்தால் இயங்கும் படகுகள் ஓடத் தொடங்கின. தீவில் வாழ்பவரின் பயணத்தையும் பேருந்துப் பயணத்தைப் போலவே அரசின் கடமையாகக் கருதியதால் விளைந்த நன்மை அது.

எனவே அன்பர்களே! நீங்கள் அங்கே சென்றால் சட்டம் தடுத்த சவாரிக்குக் காசு நீட்டிப் படகோட்டியைச் சபலத்துக்கு உள்ளாக்காதீர்கள். ஊர்மக்கள் செல்லும் படகில் இடமிருந்தால் மட்டும், அவர்கள் அனுமதியோடு ஏறுங்கள். ஆள் நிறைந்துவிட்டால் இறங்கி, அவசரக்காரருக்கு வழிவிடுங்கள். காற்று சரியில்லை என்று படகோட்டி சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அங்கி அணியாமல் அமர்ந்துகொண்டு அல்லாஹ் காப்பான் என்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் கரை திரும்பிவிடுங்கள்.

வீடு வந்தபின், பூநாரைகளின் அழகைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அந்நீரைத் தாண்டித் தினமும் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள்.