அழிக்க வேண்டாத படங்கள்

அண்ணாமலையார் கோயிலின் ராஜகோபுரம் 217 அடி உயரமுடையது. அதன் முன்னே குழந்தையை நிறுத்திப் படமெடுக்க விரும்பும் தந்தையர் படும் பாட்டை இவ்வூரில் நாள்தோறும் காணலாம். கோபுரம் முழுவதும் அடங்க வேண்டுமென்று பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து, இறுதியில் தரையில் மண்டியிட்டு, “இங்கே பார், சிரி, கையைக் கீழே போடு” என்று கூவுகிறார்கள். புதிதாக முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலையைச் சொறிந்துகொண்டிருந்த பிள்ளை திடுக்கிட்டு, காவலரைப் போல் விறைத்து நிற்கிறது. எடுத்த ஐந்து படங்களில் அந்த ஒன்றே தேறுகிறது. புறாவைப் பார்த்துத் திரும்பியது, அழுதது, தாயின் முந்தானைக்குள் முகம் புதைத்தது எல்லாம் அங்கேயே கைப்பேசியிலிருந்து அழிக்கப்படுகின்றன.

அழிக்கப்படும் அந்த நான்கு படங்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

நிறுத்தி வைத்து எடுக்கும் படத்தின் மீது நமக்குப் பகையில்லை. நம் தாத்தா பாட்டியர் ஸ்டூடியோவில் தீட்டிய தோட்டத் திரையின் முன் முக்காலியில் அமர்ந்து எடுத்துக்கொண்ட படங்களே இன்று அவர்கள் முகத்தை நமக்குக் காட்டுகின்றன. அக்காலத் தகடுகளில் உருவம் பதியச் சில நொடிகள் பிடிக்கும். அசைந்தால் முகம் கலைந்துவிடும். மேலை நாடுகளில் கைக்குழந்தையைப் படமெடுக்கையில், தாய் துணியால் தன்னை மூடிக்கொண்டு, நாற்காலி போல் அமர்ந்து குழந்தையைப் பிடித்திருப்பாளாம். கருவிக்கு அன்று அந்த விறைப்பு தேவைப்பட்டது. தேவை எப்போதோ தீர்ந்தது. பழக்கம் மட்டும் தீரவில்லை.

இருவகைப் படங்களுக்கும் இவ்வூரே சான்று. பல வீடுகளில் மாட்டப்பட்டிருக்கும் ரமண மகரிஷியின் மார்பளவுப் படம், பெங்களூரைச் சேர்ந்த வெல்லிங் என்ற ஒளிப்படக் கலைஞர் எதிரே அமரச் செய்து எடுத்தது. 1950 ஏப்ரலில், மகரிஷியின் இறுதி நாள்களில், பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் இங்கு வந்திருந்தார். எவரையும் நிறுத்தி வைக்காமல், கண்ணில் படாமல் படமெடுப்பது அவர் வழக்கம். கேமராவின் பளபளப்பு தெரியாதிருக்கக் கறுப்பு நாடா ஒட்டுவார். அவர் எடுத்தவற்றில் நாம் காண்பது நோயுற்றுத் தளர்ந்த ஓர் உடல். வணங்குவதற்கு முதற்படத்தை நாடுவோரும், அம்மனிதரை அறிய விரும்பினால் மற்றதையும் பார்க்கவே செய்வர்.

இனி மருத்துவமனைக்கு வருவோம். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தலையை ஒருபுறம் சாய்த்தே பார்க்கிறாள் என்று பெற்றோர் அழைத்து வந்தனர். எப்போதிருந்து என்ற கேள்விக்கு அவர்களால் விடைகூற இயலவில்லை. பழைய படங்களைக் காட்டுமாறு கண் மருத்துவர் கேட்டார். பிறந்தநாள் படங்களிலெல்லாம் தலை நேராகவே இருந்தது. “நிமிர்ந்து நில்” என்று சொல்லி எடுத்தவை அல்லவா? பாட்டியின் கைப்பேசியில் மட்டும் வேறு சில இருந்தன. கரும்புத் தொட்டிலில் மாடவீதி சுற்றியபோது விழித்துப் பார்த்தது, கூழ் குடித்தது, அண்ணனோடு சண்டையிட்டது. ஒரு வயது முதலே எல்லாவற்றிலும் தலை ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

கண்ணை அசைக்கும் ஆறு தசைகளுள் ஒன்று பிறவியிலேயே வலுக்குன்றியிருந்தால், காட்சி இரண்டாகத் தெரியாதிருக்கக் குழந்தை தானாகவே தலையைச் சாய்த்துக்கொள்ளும். இதே சாய்வு திடீரெனத் தோன்றியிருந்தால் மூளையிலும் நரம்பிலும் காரணம் தேட நேரிடும். மங்கலான அந்தச் சில படங்கள் பெற்றோரின் அச்சத்தைப் பெருமளவு தணித்தன.

நேராகப் பார்க்கச் செய்து எடுக்கும் படத்திற்கும் மருத்துவப் பயன் உண்டு. ஃபிளாஷ் ஒளியில் எடுக்கையில் கருவிழியின் நடுப்பகுதி சிவப்பாகத் தெரிவது இயல்பு. ஒரு கண்ணில் மட்டும் வெண்மையாகவோ மஞ்சளாகவோ மீண்டும் மீண்டும் தெரிந்தால், காலம் தாழ்த்தாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்புரையாக இருக்கலாம்; ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் பெரும்பாலும் காணப்படும் விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். பார்வை சற்றே பக்கவாட்டில் திரும்பியிருந்தால் நலமான கண்ணிலும் வெண்மை தோன்றுவதுண்டு. ஆகவே ஒரு படம் கண்டு கலங்க வேண்டாம், ஆனால் காட்டாமலும் இருந்துவிட வேண்டாம். இப்புற்று தொடக்கத்தில் அறியப்பட்டால் குணப்படுத்தக்கூடியது. முகத்தை அழகூட்டும் செயலிகளும், கண்ணின் சிவப்பை நீக்கும் வசதியும் இந்த அறிகுறியையே துடைத்துவிடக்கூடும் என்பதை நினைவிற்கொள்க.

வலிப்புக்கும் இது பொருந்தும். மருத்துவர் முன் வரும்போது குழந்தை பெரும்பாலும் விளையாடிக்கொண்டிருக்கும். முதலில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்பைக் கொடுப்பதால் பயனில்லை. பிறகு உடனிருக்கும் மற்றொருவர் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிடில் பதிவை விடுத்து 108-ஐ அழையுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, எளிதில் சொல்ல முடியாத ஒன்று எஞ்சுகிறது. நீண்ட சிகிச்சையில் இருக்கும் குழந்தையைப் பெற்றோர் பலர் படமெடுப்பதையே நிறுத்திவிடுகின்றனர். முடி கொட்டிய தலையை யார் பார்க்க விரும்புவார் என்கின்றனர். பிள்ளையின் வாழ்வில் ஓராண்டு படமின்றியே கழிந்துவிடுகிறது. எடுங்கள் என்று வற்புறுத்த நமக்கு மனம் வரவில்லை. எடுப்பதானால் பிள்ளையைக் கேட்டு எடுங்கள் என்று மட்டும் சொல்வோம். அறியாமல் எடுத்த படமானால் பிறகு அதனிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். அடுத்த கட்டிலில் இருப்பவர் படத்தில் விழாதிருக்கவும், வாட்சாப் ஸ்டேட்டசில் அது ஏறாதிருக்கவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு சிகிச்சை பெற்ற ஒன்பது வயதுச் சிறுவன் தன் முகத்தைப் படமெடுக்க இறுதிவரை இசையவில்லை. குளுக்கோஸ் ஏற்றிய கையின் கட்டில் செவிலியர் வரைந்துகொடுத்த யானையை மட்டும் எடுக்கச் சொன்னான். அவன் தாய் அப்படியே எடுத்தார். யானை சற்றுக் கலைந்துதான் பதிந்திருக்கிறது, அவன் கையை ஆட்டிக்கொண்டேயிருந்ததால்.