உங்க மாடியில எத்தனை மில்லிமீட்டர்?

ஊரப்பாக்கத்துல இருந்து பேசறேன். வடகிழக்குப் பருவமழை வந்துட்டா, காலையில 8.30-க்கு நான் மொட்டை மாடியில மழைமானி முன்னாடி நிப்பேன். நேத்து 8.30-ல இருந்து இன்னைக்கு 8.30 வரைக்கும் எவ்வளவு பெய்ஞ்சதுன்னு பார்த்து, மழை ஆர்வலர்கள் குரூப்ல போடுவேன்.

"அதான் நியூஸ்லயே சொல்றாங்களே, நீ எதுக்குடா அளக்கற?"ன்னு அம்மா கேப்பாங்க.

பதில் 2015-ல இருக்கு. டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல நுங்கம்பாக்கத்துல 29 செ.மீ., தாம்பரத்துல 49 செ.மீ. ரெண்டுமே 'சென்னை மழை'தான். ஆனா 1 மி.மீ. மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணி. அந்த 20 செ.மீ. வித்தியாசம், ஒரு கிரவுண்ட் மனைக்குக் கூடுதலா சுமார் 44,600 லிட்டர். அதாவது, 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட நாலு! முடிச்சூர் ஏன் மூழ்கிச்சுன்னு நுங்கம்பாக்கம் கணக்கை மட்டும் வெச்சுப் புரிஞ்சுக்க முடியாது.

ரேடார் இருக்கேன்னு கேக்கலாம். அது மழைத்துளிகள்ல பட்டுத் திரும்பற அலையை வெச்சுப் போடற மதிப்பீடு. அதைச் சரிபார்க்கத் தரையில அளந்த நம்பர் வேணும்.

அமெரிக்காவுல ஃபோர்ட் காலின்ஸ் நகரத்துல 1997 ஜூலையில இதே கதை. ஊரோட ஒரு பக்கம் 25 செ.மீ.க்கு மேல, சில கிலோமீட்டர் தள்ளி 5 செ.மீ.கூட இல்ல. வெள்ளத்துல அஞ்சு பேர் இறந்தாங்க. அடுத்த வருஷம் அங்க 'கோகோராஸ்'னு ஒரு தன்னார்வலர் அமைப்பு தொடங்குச்சு. மழை, ஆலங்கட்டி, பனிப்பொழிவு எல்லாத்தையும் மக்களே அளந்து அனுப்பறாங்க. விஞ்ஞானிகள் அதைப் பயன்படுத்தறாங்க.

நீங்களும் அளக்கலாம். மழைமானியைச் சுவர், மரம் பக்கத்துல வைக்காதீங்க. தினமும் ஒரே நேரத்துல பாருங்க. மழை இல்லாத நாள்ல 'பூஜ்யம்'னு எழுதுங்க. எழுதலைன்னா, பெய்யலையா இல்ல நீங்க பார்க்கலையான்னு யாருக்கும் தெரியாது.

போன தீபாவளிக்கு நான் ஊருக்குப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப மழைமானியில 62 மி.மீ. நாளுக்கு 31-னு பிரிச்சுப் போட்டுடலாம்னு கை துறுதுறுத்துச்சு. போடலை. 'ரெண்டு நாள் மொத்தம்'னு எழுதினேன். தப்பான நம்பரைவிட நேர்மையான குறை மேல்.