கிணற்றடியில் கற்கும் பொறியியல்

எமது கிராமங்களிலிருந்து பொறியியற் பீடங்களுக்குச் செல்லும் பிள்ளைகள் தொகையிற் சிலரே. எனினும் அவர்கள் மீது பெற்றோரும் ஊரவரும் வைத்துள்ள நம்பிக்கை பெரிது. பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சி அறிவியல்நகர் முதலிய இடங்களிலுள்ள பீடங்களில் நான்கு ஆண்டுகள் கற்கும் இம்மாணவருட் பலரின் கனவு பாலம், மாடிக் கட்டடம், கணினி என்பவற்றைச் சுற்றியே அமைகின்றது. குடிநீர், கழிவுநீர், குப்பை என்பவற்றைக் கையாளும் சூழற் பொறியியல் பெரும்பாலும் குடிசார் பொறியியலின் ஒரு பிரிவாகவே கற்பிக்கப்படுகின்றது. பலருக்கு அது பரீட்சை எழுதியதும் முடிந்துவிடும் ஒரு பாடம்.

இத்துறையில் மாணவருக்கு எவ்வாறு ஆர்வமூட்டலாம் என்பது விரிவுரையாளர் மட்டும் சிந்திக்க வேண்டிய விடயமன்று. கிணற்று நீரைக் குடிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதிற் பங்குண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகளை உதாரணமாகக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

ஆர்வம் குறைவது ஏன்?

முதலாவது காரணம் பாடசாலையிலேயே தொடங்குகின்றது. க.பொ.த. உயர்தரத்திற் கணிதப் பிரிவைத் தெரிவு செய்யும் மாணவர் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியவற்றைக் கற்கின்றனர். உயிரியலுடனான அவர்களின் தொடர்பு சாதாரண தரத்து விஞ்ஞானத்துடன் நின்றுவிடுகின்றது. ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிப்பதிற் பெரும்பங்கு வகிப்பவை நுண்ணங்கிகளே. நுண்ணங்கிகளைக் கண்ணாற் காணாத மாணவர் அவற்றின் பெயர்களை மனனஞ் செய்கின்றனர். மனனஞ் செய்ததை விரைவில் மறந்தும் விடுகின்றனர்.

இரண்டாவது காரணம், இத்துறையின் வெற்றி கண்ணுக்குத் தெரிவதில்லை. பாலம் கட்டியவர் அதனைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டலாம். வயிற்றோட்டம் வராத ஒரு கிராமத்தைச் சுட்டி, "இது என் வேலை" என்று ஒருவர் சொல்வது கடினம்.

மூன்றாவது காரணம் மொழி. மாணவர் ஆங்கிலத்திற் கற்கின்றனர். அறிக்கையையும் ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். அவ்வறிக்கை, நீரைக் குடிக்கும் தாயிடம் ஒருபோதும் வந்து சேர்வதில்லை. தமது உழைப்பால் எவருக்கும் பயன் கிட்டியதாக மாணவரும் உணர்வதில்லை.

கிணறு தரும் பாடங்கள்

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரி மழை மண்ணினூடாகச் சென்று சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகின்றது. இந்த நன்னீர், கீழேயுள்ள கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. நன்னீரிலும் கடல்நீர் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழ் சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. நீர்மட்டம் 1 அடி இறங்கி அந்நிலையிலேயே நீடித்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி வரை மேலெழக்கூடும். உயர்தரத்திற் படித்த ஆக்கிமிடிசின் தத்துவத்தைக் கொண்டே இதனை மாணவர் நிறுவலாம். துலாவால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை நீக்கிவிட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே விளங்கிக்கொண்ட மாணவருக்குச் சூத்திரமும் ஊரின் வரலாறும் ஒன்றாகவே மனதிற் பதியும்.

இரண்டாவது பாடம் மலசலகூடக் குழி பற்றியது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் இடைவெளி வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல்களில் உள்ள பொது விதி. வெடிப்புள்ள பாறையிலும் சுண்ணாம்புக்கல்லிலும் இத்தூரம் மேலும் கூடவேண்டும். இனி ஒரு 2 பரப்புக் காணியை எடுத்துக்கொள்வோம். 20 பேர்ச், அதாவது ஏறத்தாழ 506 சதுர மீற்றர். சதுரமான காணியாயின் ஒரு பக்கம் 22.5 மீற்றர், மூலைக்கு மூலை 32 மீற்றர் மாத்திரமே. ஒரு மூலையிற் கிணறும் எதிர் மூலையிற் குழியும் இருந்தாலன்றி விதி நிறைவேறாது. அப்போதும் அயல் வீட்டுக் குழி கிணற்றருகே வந்துவிடலாம். பிள்ளைகளுக்குக் காணி பிரித்துக் கொடுத்த ஊர்களில் விதியைச் சொல்லிவிட்டுத் திரும்புவதிற் பயனில்லை. நீர் கசியாத தாங்கியா, பலருக்கும் பொதுவான பாதுகாக்கப்பட்ட கிணறா, குழாய்நீரா? தாங்கியாயின் அதனை யார் வெறுமையாக்குவது? பவுசர் அக்கழிவை எங்கே கொண்டுசென்று கொட்டும்? செலவு யாருடையது? இக்கேள்விகளுக்கு விடை தேடும்போதே மாணவர் பொறியியலாளர் ஆகின்றனர்.

மூன்றாவது பாடம் நைத்திரேற்று. வெங்காயம், மிளகாய், புகையிலை போன்ற பயிர்களுக்கு இடும் பசளையின் ஒரு பகுதி, பாய்ச்சும் நீருடன் கீழிறங்கி நிலத்தடி நீரைச் சேர்கின்றது. மலக்குழிகளிலிருந்தும் அது சேர்கின்றது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு மிஞ்சியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது. மிஞ்சினால், அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளின் குருதியில் ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குறையலாம். கொதிக்க வைத்தால் நோய்க்கிருமிகள் இறக்கும், நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். "நாங்கள் கொதித்தாறிய நீர்தான் கொடுக்கிறோம்" என்று சொல்லும் தாய்க்கு இந்த வேறுபாட்டை விளக்குவது மாணவருக்கு எழுத்துப் பரீட்சையிலும் கடினமான சோதனை.

புதிய முறையல்ல

மாணவரை உண்மையான நீரிடம் அழைத்துச் செல்வது நீண்டகாலமாகப் பயன்தந்த முறையாகும். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் அனுமதி பெற்ற முதற் பெண்ணான எலன் ரிச்சர்ட்ஸ், 1873இற் பட்டம் பெற்றுப் பின்னர் அங்கேயே சுகாதார இரசாயனம் கற்பித்தார். 1887இல் அம்மாநிலத்தின் நீர்நிலைகளை ஆராயும் பணி தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான மாதிரிகள் அவரது ஆய்வுகூடத்திற் பரிசோதிக்கப்பட்டன. கடலிலிருந்து தூரம் கூடக் கூட நீரின் இயற்கையான குளோரைட்டு குறைவதை அவர் வரைபடமாக்கினார். ஓரிடத்தில் அவ்வளவு மீறினால் மனிதக் கழிவு கலந்திருக்கலாம் என ஐயுற வழி பிறந்தது. அதே ஆண்டில் லோரன்ஸ் நகரில் ஓர் ஆய்வு நிலையமும் அமைந்தது. அங்கு செய்யப்பட்ட பரிசோதனைகளின் பயனாக 1893இல் அந்நகரில் மணல்வடி தொடங்கியது. நெருப்புக் காய்ச்சலால் நேர்ந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அந்நிலையத்திற் பயின்ற அலன் ஹேசன் போன்ற இளைஞர் பின்னர் இத்துறையின் முன்னோடிகளாயினர்.

எவ்வாறு கற்பிக்கலாம்?

ஒவ்வொரு மாணவர் குழுவிடமும் சில வீட்டுக் கிணறுகளைப் பொறுப்பாக ஒப்படைக்கலாம். மாரியிலும் கோடையிலும் அதே கிணறுகளுக்கு அவர்கள் திரும்பிவர வேண்டும். காணியை அளந்து கிணறு, குழி, மாட்டுக்கொட்டில், தோட்டம் என்பவற்றை வரைபடத்திற் குறிக்க வேண்டும். நைத்திரேற்று, குளோரைட்டு, மலப் பற்றீரியா ஆகியவற்றைத் தாமே பரிசோதிக்க வேண்டும். 100 மில்லிலீற்றர் நீரில் ஒரு மலப் பற்றீரியாவேனும் இருத்தலாகாது. ஒருநாள் இளஞ்சூட்டில் வைத்த தட்டில் அவை புள்ளி புள்ளியாக முளைத்திருப்பதைப் பார்க்கும் கணிதப் பிரிவு மாணவருக்கு உயிரியல் அந்நியமாக இராது.

முடிவை வீட்டாரிடம் தமிழில் விளக்குவதற்கும் புள்ளி வழங்கப்பட வேண்டும். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே குழுவிற் சென்றால், ஒருவர் மற்றவருக்கு மொழிபெயர்க்க நேரும். அதுவும் நல்ல கல்வியே. ஒரு வீட்டுக் கிணற்றின் முடிவை ஊரறியப் பேசாதிருத்தல், பரிகாரம் கூறாது பயமுறுத்தாதிருத்தல் ஆகிய ஒழுக்கங்களையும் இங்கேயே பழக வேண்டும்.

நல்லெண்ணமும் அறிவும்

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையோரக் கிணறுகளை உவர்நீராக்கியது. உதவ வந்தோர் நல்லெண்ணத்துடன் அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்தனர். அளவுக்கு மிஞ்சிய இறைப்பு சில இடங்களில் உவர்நீரை மேலும் மேலிழுத்திருக்கலாம் எனப் பின்னர் ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். நன்னீரை மீட்டதிற் பெரும்பங்கு மழைக்கே உரியது. மேலே கூறிய நாற்பது அடிக் கணக்கு தெரிந்த ஒருவர் அங்கு நின்றிருந்தால் இறைப்பை அளவோடு நிறுத்தியிருப்பார்.

சுன்னாகத்திற் கிணறுகளில் எண்ணெய் கலந்ததான முறைப்பாடு எழுந்தபோது, ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகளால் மக்கள் கலங்கினர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. வழக்கு முடியும்வரை குடும்பங்கள் எந்த நீரைக் குடிப்பது? மக்கள் நம்பக்கூடிய, மக்களுக்கு விளங்கும்படி பேசக்கூடிய பொறியியலாளர் அக்காலத்திற் பெரிதும் தேவைப்பட்டனர். இனியும் தேவைப்படுவர்.

நாம் செய்யக்கூடியவை

பங்குச் சபைகளும் மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இதில் உதவலாம். முதலாவது, மாணவர் பரிசோதிப்பதற்குக் கிணறுகளைத் திறந்துவிட இணங்கும் குடும்பங்களின் பட்டியலைத் தயாரித்துப் பீடங்களுக்கு அறிவிக்கலாம். இரண்டாவது, மாணவர் முடிவுகளை விளக்கும் கூட்டத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழைக்கலாம். மூன்றாவது, சாதாரண தரத்து மாணவரையும் கிணற்றடிக்கு அழைத்து, அண்ணாமாரும் அக்காமாரும் செய்வதைக் காணச் செய்யலாம்.

பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலும் வலியுறுத்துகின்றது. அவ்வுரிமையைக் காப்பதற்கு அளக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அடுத்த மாரிக்கு முன் உங்கள் கிணற்றிலிருந்து மலக்குழி எத்தனை மீற்றர் தூரத்தில் உள்ளது என்று அளந்து வையுங்கள். அயல் வீட்டுக் குழியையும் சேர்த்து அளவுங்கள். உங்களிடம் வரும் மாணவர் கேட்கும் முதற் கேள்வி அதுவாகவே இருக்கும்.