காற்றில் நிற்கும் ஊர்தி
மூன்றாமாண்டு, இளமறிவியல் (இயற்பியல்)

சுமை ஏறினால் வண்டி தாழும், இறங்கினால் உயரும். ஜட்கா வண்டிக் காலந்தொட்டு நாம் கண்டுவரும் இயல்பு இது. ஆனால் உள்ளே அமர்ந்திருப்போர் எவரும் இறங்காமலே, ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தியதும் தன் உடலை இரண்டு விரற்கடை உயர்த்திக்கொள்ளும் ஊர்திகள் இன்று ஓடுகின்றன. அவற்றைத் தாங்கி நிற்பது எஃகு அன்று, காற்று. நாம் மூச்சில் இழுத்து விடும் அதே காற்று!

இந்த விந்தையைத் தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலை நகரில் 1999-இல் ஃபோர்டு நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் 'எண்டவர்' வண்டி அங்கேதான் உருவாயிற்று. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்த அந்நிறுவனம், 2022-இல் இங்கு அதனை முடித்துக்கொண்டது. மறைமலை நகரை அடுத்த மகிந்திரா தொழில் நகரில் 2007-இல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் 'எக்ஸ் 7' என்னும் பெரிய வண்டி பொருத்தப்பட்டு வருகிறது. அதன் நான்கு சக்கரங்களுக்கும் காற்றுத் தாங்கி உண்டு. எங்கள் வகுப்பில் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் இத்தகைய ஆலைகளுக்குப் பணிக்குச் செல்வோரே. அவர்கள் கைபடும் பொருளின் தத்துவத்தை நம் பாடநூலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம் என்பதைக் காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

காற்றுப் பையின் கணக்கு

சாதாரண வண்டியில் உடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே சுருள் ஸ்பிரிங்கோ, லாரிகளில் உள்ளதுபோல் பட்டை ஸ்பிரிங்கோ இருக்கும். ஏர் சஸ்பென்ஷனில் அவ்விடத்தில் கனத்த ரப்பர்ப் பை ஒன்று உள்ளது. அதில் அழுத்தப்பட்ட காற்று நிரம்பியிருக்கும்.

ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ எடை அமர்வதாகக் கொள்வோம். பையின் தாங்கு பரப்பு 100 சதுர செ.மீ. எனில், காற்றின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 6 கிலோ இருந்தால் போதும். எடை சமநிலையில் நிற்கும். ஆட்கள் ஏறி அதே இடத்தில் 700 கிலோ ஆனால், அழுத்தம் 7 ஆக வேண்டும். அதற்கேற்பக் காற்றை ஏற்றிவிட்டால் வண்டி முன்பிருந்த உயரத்திலேயே நிற்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வண்டியை உயர்த்த வேண்டுமெனில் அழுத்தத்தைப் பெருக்க வேண்டும் என்றே பலரும் எண்ணுவர். அது சரியன்று. எடை மாறவில்லை, தாங்கு பரப்பும் ஏறக்குறைய மாறவில்லை, ஆகவே உயர்ந்து நின்ற பின்னும் அழுத்தம் அதே 6 கிலோதான். மாறுவது காற்றின் அளவே. காற்று நிற்கும் உயரம் 20 செ.மீ.யிலிருந்து 24 செ.மீ. ஆனால் கன அளவு 1.2 மடங்காகிறது, ஆகவே 1.2 மடங்கு காற்று உள்ளே வேண்டும். பாயில் விதியைப் படித்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

இரண்டரை டன் வண்டியை 4 செ.மீ. தூக்க ஆகும் வேலை ஏறக்குறைய ஆயிரம் ஜூல். 60 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் நம் கல்லூரி மாடிப்படியில் பத்துப் பதினோரு படி ஏறுவதற்கும் அவ்வளவே ஆகும்!

உயர்த்துவது எப்படி?

இவ்வமைப்பின் உறுப்புகள் ஐந்து: காற்றை அழுத்தும் கம்ப்ரெஸர், அதைச் சேமிக்கும் தொட்டி, வேண்டிய பைக்கு வழிவிடும் வால்வுகள், ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உயரத்தை அளக்கும் கருவி, இவற்றை ஆளும் மின்னணுப் பெட்டி. உயரம் அளக்கும் கருவியின் சிறு கை சக்கரத்தின் தாங்குகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். உடல் தாழ்ந்தால் கை திரும்பும், செய்தி பெட்டிக்குச் செல்லும், வால்வு திறக்கும். சாலையின் ஒவ்வொரு குழிக்கும் வால்வு திறந்து மூடினால் கம்ப்ரெஸர் ஓயாமல் உழைத்துக் கெடும். ஆகவே பெட்டியானது சில விநாடிகளின் சராசரி உயரத்தைக் கண்டே முடிவு செய்கிறது.

நம் கடற்கரைப் பகுதிக் காற்றில் ஈரம் மிகுதி. அந்த ஈரம் குழாய்களில் தங்கினால் வால்வுகள் அரிக்கும். அதனால் காற்று உள்ளே செல்லுமுன் ஈரம் உறிஞ்சும் பொருளின் வழியே செலுத்தப்படுகிறது. வண்டியைத் தாழ்த்தும்போது வெளியேறும் உலர்ந்த காற்று அதே வழியே திரும்பி, அப்பொருளை மீண்டும் உலர்த்திவிடுகிறது.

நான்கு சக்கர இயக்க வண்டியான ரேஞ்ச் ரோவரில் இத்தகைய ஏற்பாடு 1992-இல் வந்தது. அதில் உயர்த்தும்போது பின்புறம் முதலில் எழும். தாழ்த்தும்போது முன்புறம் முதலில் தாழும். முன்புறம் முதலில் எழுந்தால் விளக்கொளி எதிரே வருவோர் கண்ணைக் கூசச் செய்யும் அன்றோ?

உயரத்தின் விலை

உயரம் இலவசமாகக் கிடைப்பதில்லை. இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை, எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவது வண்டி கவிழாமல் நிற்கும் திறனின் அளவு. அகலம் 1.6 மீட்டர், மையத்தின் உயரம் 70 செ.மீ. எனில் அளவு 1.14. மையம் 4 செ.மீ. உயர்ந்தால் அது 1.08 ஆகக் குறைகிறது. ஆகவேதான் வேகம் கூடியதும் இவ்வண்டிகள் தாமாகவே தாழ்ந்துகொள்கின்றன. உயர்ந்த நிலை, கரடுமுரடான பாதையில் மெதுவாகச் செல்வதற்கு மட்டுமே உரியது.

இன்னொன்று: வண்டியின் உடலை உயர்த்தினால் அடியில் உள்ள எல்லாமே உயரும் என்று எண்ணலாகாது. பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே உறுதியான அச்சு இணைக்கும் வண்டிகளில், நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் அந்த அச்சோடு சேர்ந்தது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஓர் இம்மியும் உயராது. டயர் பெரிதானால்தான் உயரும். எண்டவரின் பின் அச்சு அத்தகையது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் எக்ஸ் 7 போன்றவற்றில்தான் டிஃபரன்ஷியலும் உடலோடு சேர்ந்து எழும்.

மாமாவுக்குப் போட்ட கணக்கு

என் தாய்மாமன் பழைய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்தபின், சுருள் ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை வைத்து வண்டியைத் தூக்கித் தருவதாக ஒரு பட்டறையில் அவரிடம் சொன்னார்கள். "ரெண்டு இஞ்ச் தூக்கிட்டா தண்ணி ஒண்ணும் பண்ணாது மாப்ளே" என்றார். நான் ஒரு தாளை எடுத்தேன்.

வண்டியின் அடித்தளம் நான்கரை மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம். பரப்பு 8 சதுர மீட்டர். எடை இரண்டு டன். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அடித்தளத்துக்கு மேல் 25 செ.மீ. நீர் ஏறினால், உள்ளே நீர் புகாதவரை வண்டி மிதக்கத் தொடங்கும். அதில் பாதி ஏறும்போதே டயரின் மேல் அழுத்தும் எடை பாதியாகிவிடும், பிடிப்பும் பாதியாகும். ஓடும் நீர் அதனைப் பக்கவாட்டில் தள்ள அதுவே போதும். எஞ்சின் காற்றுக்குப் பதில் நீரை இழுத்தாலோ, நீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இரண்டு அங்குலம் தூக்கினால் நமக்குக் கிடைப்பது அந்த இரண்டு அங்குலமே. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டின் கீழ்த்தளமே முழுகியதைக் கண்ட நமக்கு, இரண்டு அங்குலம் எம்மாத்திரம்? மேலும், ஸ்பிரிங்குக்குள் வைக்கும் அந்தப் பை, சுமை ஏறும்போது பின்புறம் தொய்யாமல் காப்பதற்கே ஏற்பட்டது.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. மாமா பை வைக்கவில்லை. மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை மேட்டுத் தெருவில் நிறுத்திவிடுகிறார்.

பட்டறைகளில் பணிபுரியும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். காற்றில் உயர்ந்து நிற்கும் வண்டியின் அடியில், அந்தக் காற்றை மட்டுமே நம்பி ஒருபோதும் படுக்கலாகாது. ஒரு குழாய் கழன்றால் ஒரு நொடியில் உடல் கீழே இறங்கும். முதலில் அவ்வமைப்பின் இயக்கத்தை நிறுத்தி, ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்திய பின்னரே அடியில் நுழைய வேண்டும்.

பணியும் பேருந்து

உயர்வதைப் பற்றியே பேசினோம். இதே காற்றுப் பை தாழ்வதற்கும் பயன்படும். 2024 ஆகஸ்டில் சென்னை மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் புதிய தாழ்தளப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. நிறுத்தத்தில் அப்பேருந்து தன் பையிலுள்ள காற்றைச் சிறிது வெளியேற்றி, நடைபாதைப் பக்கம் சாய்ந்து பணிகிறது. சாய்வுப் பலகை வழியே சக்கர நாற்காலி உள்ளே செல்கிறது. பின்னர் காற்று ஏற, பேருந்து நிமிர்ந்து புறப்படுகிறது. இவ்வசதி எளிதில் வந்துவிடவில்லை. மாற்றுத் திறனாளிகளுக்காக உயர் நீதிமன்றம் வரை சென்று வாதாடிப் பெற்றது. தனியார் வண்டிகளை மாற்றக் கூடாது என்று கண்டிக்கும் அதே 52-ஆம் பிரிவும், மாற்றுத் திறனாளியின் தேவைக்காகத் தக்க அனுமதியோடு வண்டியை மாற்றியமைக்க இடமளிக்கிறது.

எங்கள் வகுப்பில் ஊன்றுகோலுடன் வரும் நண்பர் ஒருவர் உள்ளார். நாள்தோறும் நம் ஊர்ப் பேருந்தின் உயர்ந்த முதற்படியில் ஏற அவர் இருவர் தோளைப் பற்ற வேண்டியிருக்கிறது. வண்டியைச் சில அங்குலம் உயர்த்தும் தொழில்நுட்பம் நம் வாசலிலேயே பொருத்தப்படுகிறது. அதே காற்று, சில அங்குலம் தாழ்ந்து அவரை ஏற்றிக்கொள்ளும் நாள் செங்கற்பட்டு, மறைமலை நகர்த் தடங்களுக்கும் வர வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது அறிவியல் படிக்கும் நம் கடமையுமாகும்.