ஒரு நொடியில் துளை! ஆறுவதற்கு 6 வாரம்!

தாய்மாமன் மடியில் குழந்தை. வாயில் சர்க்கரை. சுற்றிலும் சொந்தபந்தம். பத்தர் காதைப் பிடிக்கிறார்.

"வீல்!" என்று ஒரு சத்தம். காரியம் முடிந்துவிட்டது!

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் இது அடிக்கடி காணும் காட்சி. வேன் பிடித்து, திருவேற்காடு கருமாரியம்மன் கோவிலுக்குப் போய்க் காது குத்தி வருகிறவர்களும் உண்டு. சீர்த்தட்டு, விருந்து என்று பணம் ஆயிரக்கணக்கில் செலவாகும். குத்துகிற ஊசியை யாராவது பார்க்கிறார்களா? அதுதான் இல்லை!

காதில் இரண்டு இடம்

உங்கள் காதைத் தொட்டுப் பாருங்கள். கீழே தொங்குவது வெறும் சதை. அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. புண் வந்தாலும் சீக்கிரம் ஆறும். தென் மாவட்டத்துப் பாட்டிகள் பாம்படம் போட்டு வளர்த்த காது இந்தச் சதைதான்.

மேலே தொட்டால் விறைப்பாக இருக்கும். அது குருத்தெலும்பு. அதற்கென்று ரத்தக் குழாய் கிடையாது. அதை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுதான் அதற்குச் சோறு போடுகிறது. அங்கே சீழ் பிடித்தால், சவ்வு விலகிவிடும். குருத்தெலும்பு பட்டினி கிடந்து செத்துவிடும். காது சுருங்கிப்போகும். பழைய உருவம் திரும்ப வராது.

இளம் பெண்கள் இப்போது மேல் காதிலும் வரிசையாகக் குத்திக்கொள்கிறார்கள். அழகுதான்! ஆனால் ஆபத்து அங்கேதான் அதிகம்.

மருந்துக்குள் கிருமி!

2000-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம். அங்கே ஒரு கடையில் காது குத்திக்கொண்ட 7 பேருக்குச் சீழ் பிடித்தது. எல்லோரும் 10 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்கள். 4 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதிகாரிகள் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். கிருமி எங்கே இருந்தது தெரியுமா?

கிருமியைக் கொல்வதற்காகத் தெளித்த மருந்துப் பாட்டிலில்!

அந்த 7 பேருமே மேல் காதில் குத்திக்கொண்டவர்கள்.

ஊசியா, துப்பாக்கியா?

கடைகளில் துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் "டப்" என்று தோட்டை அடித்துவிடுகிறார்கள். தோட்டின் முனை ஊசியைப் போலக் கூர்மையானது அல்ல. அது சதையைக் கிழித்துக்கொண்டுதான் போகும். மேல் காதில் அதை உபயோகிக்கவே கூடாது.

கருவி பிளாஸ்டிக்காக இருந்தால் கொதி நீராவியில் வைக்க முடியாது, உருகிவிடும். ஸ்பிரிட்டால் துடைத்தால் மட்டும் போதாது. 'பி' வகை மஞ்சள் காமாலைக் கிருமி, உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ஒருவரைக் குத்திய ஊசி அடுத்தவருக்கு ஆகாது. உறை பிரிக்காத புது ஊசி வேண்டும். அதை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பத்தர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்!

இந்தக் காமாலைக்கும் ரண ஜன்னிக்கும் சேர்த்து, பிறந்த 6, 10, 14-வது வாரங்களில் அரசாங்கம் இலவசமாகத் தடுப்பு ஊசி போடுகிறது. தமிழ்நாட்டில் இது 2011-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. மூன்று ஊசியும் முடிந்த பிறகு காது குத்துவது நல்லது.

வீட்டில் என்ன செய்வது?

கீழ்ச் சதை ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். மேல் காதுக்குப் பல மாதம் ஆகும். மஞ்சளும் எண்ணெயும் தடவுவது, வேப்பங்குச்சி செருகுவது எல்லாம் பழைய வழக்கம். இன்றைய டாக்டர்கள் அவற்றை வேண்டாம் என்கிறார்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதிக்க வைத்து ஆறிய உப்புத் தண்ணீரால் தினம் இரண்டு வேளை துடைத்துவிடுங்கள். தோட்டைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். கவரிங் தோட்டில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்கு அரிப்பு எடுக்கும். ஆறும் வரை அதைப் போடாதீர்கள்.

காது சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

திருகாணி விஷயத்திலும் ஜாக்கிரதை! "கழன்றுவிடுமே" என்று பயந்து சில தாய்மார்கள் அதை இறுக்கி விடுகிறார்கள். குத்திய காது வீங்கத்தான் செய்யும். வீங்குவதற்கு இடம் இல்லாவிட்டால் திருகாணி சதைக்குள் புதைந்துவிடும். பிறகு டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, சதையைக் கீறித்தான் அதை வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.